பூமியின் நாடி பார்த்த பேராசிரியர்

2021-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி விடியற்காலை. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் தூங்கிக் கொண்டிருந்தவர்களைப் பூமி உலுக்கி எழுப்பிற்று. 3.6 அளவுள்ள சிறிய பூகம்பம் அது. பெரிய சேதம் எதுவும் இல்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. டிசம்பர் மாதத்தில் மறுபடியும் நடுக்கம் வந்தது. சில நாட்களில் இன்னொன்றும் வந்தது. பாத்திரங்கள் உருண்டன, சுவர்களில் கீறல் விழுந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

இப்படிப்பட்ட வேளையில் கணியம்பாடியில் உள்ளவருக்கும் சரி, ஆம்பூரில் உள்ளவருக்கும் சரி, மனதில் எழும் கேள்வி ஒன்றுதான். இந்தச் சிறு நடுக்கங்கள் பெரிய ஆபத்துக்கு முன்னறிவிப்பா? அல்லது தாமாக வந்து தாமாகவே அடங்கிவிடுமா? இன்றிரவு வீட்டுக்குள் படுக்கலாமா, வெளியே படுக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் ஜப்பான் தேசத்தில் இருந்தார். பூகம்ப ஆராய்ச்சி செய்பவர்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அவர் பெயரை அறிவார்கள். புசாக்கிச்சி ஓமோரி என்பது அவர் பெயர். அவரிடம் பாடம் கேட்ட ஒரு போலீஸ் அதிகாரி, உறங்கிக் கிடந்த எரிமலை ஒன்று விழித்தெழுவதற்கு முன்பே 15,000 பேரை அப்புறப்படுத்திக் காப்பாற்றினார். ஆனால் அதே ஓமோரி, தாம் வாழ்ந்த நகரத்து மக்களுக்குச் சொன்ன ஆறுதல் பொய்த்துப் போனதையும் கண்டுவிட்டே கண்ணை மூடினார்.

புகழும் துயரமும் கலந்த அவருடைய வரலாற்றைப் பார்ப்போம்.

சாமுராய் குடும்பத்துப் பிள்ளை

ஜப்பானில் புகுயி என்ற ஊரில், 1868-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி ஓமோரி பிறந்தார். அவருடைய குடும்பம் சாமுராய் என்னும் போர்வீரர் வகுப்பைச் சேர்ந்தது. பெரிய செல்வம் ஒன்றும் கிடையாது. அவர் பிறந்த ஆண்டில்தான் ஜப்பானில் பழைய ஆட்சி முறை ஒழிந்து புதிய ஆட்சி வந்தது. வாளை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் புத்தகத்தை நம்பத் தொடங்கிய காலம் அது.

ஓமோரி படிப்பில் கெட்டிக்காரர். டோக்கியோ சர்வகலாசாலையில் சேர்ந்து பௌதிக சாஸ்திரம் பயின்றார். அப்போது அங்கே ஜான் மில்ன் என்ற ஆங்கிலேயர் ஆசிரியராக இருந்தார். பூகம்பத்தைக் கருவி கொண்டு அளக்கும் கலையை வளர்த்த முன்னோடிகளில் அவர் முக்கியமானவர். அந்த ஆசிரியரின் அருகில் இருந்து ஓமோரி தொழில் கற்றார்.

அவர் மாணவராக இருந்தபோதே ஒரு பெரும் துயரம் நிகழ்ந்தது. பந்தாய் என்பது ஒரு மலை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அது பெரிதாகச் சீறியதில்லை. 1888-ம் ஆண்டு ஜூலை மாதம் சில நாட்கள் அங்கே சிறு நடுக்கங்கள் தெரிந்தன. ஜூலை 15-ந் தேதி மலையின் ஒரு பக்கமே வெடித்துச் சரிந்தது. அடிவாரத்துக் கிராமங்கள் புதைந்தன. 477 பேர் மாண்டார்கள். உறங்கும் எரிமலை செத்த எரிமலை அல்ல என்பதை ஜப்பான் அன்று மறுபடியும் கற்றுக் கொண்டது.

மூவாயிரம் நடுக்கங்களை எண்ணியவர்

1891-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி ஜப்பானின் நடுப்பகுதியை ஒரு மாபெரும் பூகம்பம் தாக்கிற்று. நோபி பூகம்பம் என்று அதற்குப் பெயர். 7,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓமோரிக்கு அப்போது வயது 22.

பெரிய பூகம்பம் வந்து போன பிறகும் பூமி சும்மா இருக்கவில்லை. தினமும் ஆடிக் கொண்டே இருந்தது. இது எப்போதுதான் ஓயும் என்று ஜனங்கள் தவித்தார்கள். ஓமோரி அந்தச் சிறு நடுக்கங்களை ஒன்று விடாமல் கணக்கெடுத்தார். கிபு என்ற ஊரில் பதிவானவை மட்டும் இரண்டு ஆண்டுகளில் 3,000-க்கும் அதிகம்.

அந்தக் கணக்கில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதை எளிதாகச் சொல்லலாம். முதல் நாளில் 300 நடுக்கங்கள் என்று வைத்துக் கொள்வோம். பத்தாம் நாளில் அவை ஏறக்குறைய 30 ஆகும். நூறாம் நாளில் 3 ஆகும். தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுழலும் பெரிய மர டிரம்மை நிறுத்தினால் அது சட்டென்று நின்றுவிடுவதில்லை அல்லவா? வேகம் குறைந்து குறைந்து பிறகே நிற்கும். பூமியும் முதலில் விரைவாகவும், பிறகு மிக மெதுவாகவும் அடங்குகிறது.

1894-ம் ஆண்டு ஓமோரி வெளியிட்ட இந்த விதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நோபி பூகம்பத்தின் பின் நடுக்கங்கள் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் விதிப்படியே குறைந்து வந்ததை விஞ்ஞானிகள் கண்டு வியந்தார்கள்.

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு பயந்து நடுங்கும் மக்களுக்கு இந்த விதி பெரிய ஆறுதல். நடுக்கங்கள் தொடர்ந்தாலும் நாளாக ஆகக் குறையும் என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் ஒரு பெரிய பூகம்பம் வந்து, அதன் பின்னால் வரும் சிறு நடுக்கங்களுக்குத்தான் இந்த விதி பொருந்தும். தலைவன் இல்லாத கூட்டம் போல, சிறு நடுக்கங்களே திரளாக வருவதும் உண்டு. அந்தத் திரளுக்கு இந்த விதி ஒத்து வராது. அது அடங்கியும் போகலாம். வேறொன்றில் போய் முடியவும் செய்யலாம். ஓமோரியின் வாழ்க்கையில் பின்னால் வந்த சோதனைகளெல்லாம் இப்படிப்பட்ட திரள்களால் வந்தவையே.

மின்னலும் இடியும் போல

ஐரோப்பாவுக்குச் சென்று ஆராய்ச்சி செய்துவிட்டு, 1897-ம் ஆண்டு ஓமோரி டோக்கியோ திரும்பினார். சர்வகலாசாலையில் பூகம்ப சாஸ்திரப் பேராசிரியரானார். தாமே ஒரு பூகம்பமானியை உருவாக்கினார். கனமான எடை ஒன்றைத் தொங்கவிட்டு, அதனோடு மெல்லிய ஊசியை இணைப்பார்கள். புகைக்கரி பூசிய காகிதம் ஓர் உருளையில் சுழன்று கொண்டிருக்கும். பூமி அசைந்தாலும் கனமான எடை உடனே அசையாது. அதனால் பூமியின் அசைவு காகிதத்தில் கோடாக விழும். எங்கோ தொலைதேசத்தில் ஏற்படும் பூகம்பத்தையும் டோக்கியோவில் இருந்தபடியே இந்தக் கருவியில் பார்க்கலாம்.

பூகம்பம் எவ்வளவு தூரத்தில் நிகழ்ந்தது என்று கணக்கிடவும் அவர் ஒரு சூத்திரம் தந்தார். மின்னல் முதலில் தெரிகிறது. இடி பிறகு கேட்கிறது. இடைவெளி எத்தனை விநாடி என்று எண்ணினால் இடி விழுந்த தூரம் தெரியும். பூகம்பத்திலும் அப்படியே. முதலில் விரைவான அதிர்வு ஒன்று வரும். பின்னால் மெதுவான, பலமான அதிர்வு வரும். இரண்டுக்கும் இடையே உள்ள விநாடிகளைச் சுமார் எட்டால் பெருக்கினால், அது எத்தனை கிலோமீட்டரில் நிகழ்ந்தது என்று கிடைக்கும். கணியம்பாடியில் ஒரு கருவி இருப்பதாகக் கொள்வோம். இரண்டு அதிர்வுகளுக்கும் நடுவே 6 விநாடி என்றால், தூரம் சுமார் 48 கிலோமீட்டர். பேரணாம்பட்டு அங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில்தான் இருக்கிறது!

ஓமோரி நம் நாட்டுக்கும் தொடர்புள்ளவர். 1905-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி காங்க்ரா பள்ளத்தாக்கில் நேர்ந்த பூகம்பத்தில் சுமார் 20,000 பேர் மாண்டார்கள். அதைப் பற்றி ஆராய்ந்து அவர் விரிவான அறிக்கை எழுதினார். 1906-ம் ஆண்டு அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம் பூகம்பத்தாலும் தீயாலும் அழிந்தபோது அங்கேயும் சென்றார். உதவ வந்த அந்த அறிஞர்மீது சில முரடர்கள் தெருவில் கல்லெறிந்தார்கள். ஆசியாவிலிருந்து வந்தவர்களைக் கண்டால் வெறுப்புக் காட்டிய காலம் அது. ஓமோரி அதைப் பெரிதுபடுத்தாமல் வேலையை முடித்துக்கொண்டு திரும்பினார். 1908-ம் ஆண்டு இத்தாலியில் மெஸ்ஸினா நகரம் அழிந்த பின் அங்கும் சென்று பார்த்தார். அங்கே இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது பூமியின் ஆட்டம் அல்ல, மோசமாகக் கட்டிய வீடுகளே என்று கணக்கிட்டுச் சொன்னார்.

போலீஸ் அதிகாரியின் துணிவு

இப்போது எரிமலைக்கு வருவோம்.

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ என்ற பெரிய தீவு இருக்கிறது. அங்கே டோயா என்ற அழகிய ஏரியின் கரையில் உசு மலை நிற்கிறது. அது 1853-ம் ஆண்டு சீறிவிட்டு உறங்கிப் போயிற்று. 57 ஆண்டுகள் சத்தமே இல்லை. அடிவாரத்தில் ஊர்கள் பெருகின; வயல்கள் விளைந்தன.

1910-ம் ஆண்டு ஜூலை மாதம் மூன்றாம் வாரத்தில் மலையடிவாரத்தில் நடுக்கங்கள் ஆரம்பித்தன. முதலில் விட்டுவிட்டு வந்தன. பிறகு ஒரே நாளில் நூற்றுக்கும் மேல் வந்தன. அடுத்த நாள் முந்நூற்றுக்கும் மேல்! வீடுகள் ஓயாமல் கிடுகிடுத்தன. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்து ஊரான முரோரானில் ஈடா என்பவர் போலீஸ் தலைவராக இருந்தார். அவர் விஞ்ஞானி அல்ல. ஆனால் முன்பு ஒரு சமயம் ஓமோரி பூகம்பத்தையும் எரிமலையையும் பற்றி நடத்திய வகுப்பைக் கேட்டிருந்தார். உசு மலை முன் காலங்களில் வெடித்தபோதெல்லாம் அதற்கு முன்னால் நடுக்கங்கள் திரளாக வந்தன என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1822-ம் ஆண்டு அந்த மலை கக்கிய நெருப்பு மேகம் ஒரு கிராமத்தையே எரித்துப் பலரைக் கொன்றிருந்தது.

ஈடா யோசித்தார். மக்களை வெளியேற்றி, மலை வெடிக்காமல் போனால் எல்லோரும் அவரைப் பழிப்பார்கள். வயல் வேலை கெடும், வியாபாரம் கெடும். வெளியேற்றாமல் இருந்து, மலை வெடித்துவிட்டால்? பழிச்சொல்லைத் தாங்கலாம், போன உயிரை மீட்க முடியாது. அவர் தயங்கவில்லை. மலையைச் சுற்றிச் சுமார் 12 கிலோமீட்டருக்குள் இருந்தவர்கள் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். கிழவர்களும் குழந்தைகளுமாக சுமார் 15,000 பேர் மூட்டை முடிச்சுகளோடு புறப்பட்டார்கள்.

ஜூலை 25-ந் தேதி இரவு மலை வெடித்தது.

அடிவாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நாற்பதுக்கும் மேற்பட்ட வாய்கள் திறந்தன. சேறும் சாம்பலும் பொங்கி வந்தன. ஆனால் ஊர்களில் ஆட்கள் இல்லை. அவ்வளவு பெரிய ஆபத்தில் உயிர்ச்சேதம் இல்லையென்றே சொல்லத்தக்க அளவுக்குக் குறைந்து போயிற்று. பூகம்பத்தை அடையாளமாகக் கொண்டு, எரிமலை வெடிப்பதற்கு முன்பே ஊரை அப்புறப்படுத்திக் காத்த நிகழ்ச்சிகளில் இது உலகப் புகழ் பெற்றது.

வெடிப்புக்குப் பிறகு ஓமோரி அங்கே விரைந்தார். தம் கருவியை மலையடியில் வைத்தார். காகிதத்தில் விசித்திரமான கோடு விழுந்தது. வெட்டி வெட்டி வரும் பூகம்பக் கோடு அல்ல அது. கொதிக்கும் பானை மூடியைப் போல இடைவிடாமல் துடிக்கும் மெல்லிய நடுக்கம். எரிமலையின் அந்தத் துடிப்பை அதற்கு முன் யாரும் கருவியில் பிடித்ததில்லை. அதோடு, தரையையும் அளந்து பார்த்தார். சமமாக இருந்த நிலம் சில மாதங்களில் சுமார் 150 மீட்டர் உயர்ந்து புதுக் குன்றாக நின்றது. அடியில் இருந்து பாறைக் குழம்பு தள்ளியதால் நிலம் அப்படி உப்பிற்று. நடுக்கங்கள் திரளாக வந்ததற்கும் அதுவே காரணம். குழம்பு மேலே வர வழி தேடும்போது பாறைகள் ஆயிரம் இடங்களில் முறிகின்றன. ஒவ்வொரு முறிவும் ஒரு நடுக்கம்.

அடுத்த ஆண்டே, 1911-ல், அசாமா என்ற எரிமலையின் மேல் ஓமோரி ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார். ஜப்பானின் முதல் எரிமலை ஆராய்ச்சி நிலையம் அதுதான். வைத்தியர் நோயாளியின் பக்கத்தில் இருந்து நாடி பார்ப்பதைப் போல, எரிமலையின் பக்கத்திலேயே இருந்து அதன் நாடியைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1912-ல் ஹவாய்த் தீவில் தோன்றிய புகழ்பெற்ற எரிமலை ஆராய்ச்சி நிலையமும் ஓமோரியின் கருவிகளைத் தருவித்து வைத்துக் கொண்டது.

நம்பிக் கெட்டவர்கள்

உசு மலை கற்பித்த பாடத்தை எல்லோரும் கற்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் அது தெரிந்து போயிற்று.

ஜப்பானின் தெற்கே ககோஷிமா விரிகுடாவில் சகுராஜிமா என்ற எரிமலைத் தீவு இருந்தது. 1779-ம் ஆண்டு அது பயங்கரமாக வெடித்திருந்தது. 1914-ம் ஆண்டு ஜனவரி மாதம் தீவில் சிறு நடுக்கங்கள் திரளாக ஆரம்பித்தன. கிணறுகளில் நீர்மட்டம் மாறிற்று. கடற்கரையில் வெந்நீர் கொப்பளித்தது. 1779-ல் நடந்ததைப் பற்றித் தாத்தா பாட்டி சொன்ன கதைகள் தீவு மக்களுக்கு நினைவுக்கு வந்தன. பெரும்பாலோர் யார் சொல்லுக்கும் காத்திராமல் படகில் ஏறிவிட்டார்கள்.

ஒரு கிராமத்தின் தலைவர் மட்டும் முறைப்படி நடக்க விரும்பினார். எதிர்க்கரையில் உள்ள வானிலை நிலையத்தைத் தொலைபேசியில் பல முறை கேட்டார். சகுராஜிமா வெடிக்காது, ஓட வேண்டியதில்லை என்றே பதில் வந்தது. அந்த நிலையத்தில் பழைய பூகம்பமானி ஒன்றுதான் இருந்தது. ஒரே கருவியை வைத்துக்கொண்டு நடுக்கம் எங்கே பிறக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நிச்சயமாகவே சொல்லிவிட்டார்கள். தலைவர் அதை நம்பினார். ஊராரையும் இருக்கச் சொன்னார்.

ஜனவரி 12-ந் தேதி காலை பத்து மணி அளவில் மலை வெடித்தது. கடைசி வரை தங்கியவர்களுக்குப் படகுகள் கிடைக்கவில்லை. நடுங்கும் குளிரில் கடலில் குதித்தார்கள். சிலர் மூழ்கிப் போனார்கள். கிராமத் தலைவர் பிழைத்தார். அவரோடு நின்ற ஊழியர்கள் பிழைக்கவில்லை. அன்று மாலை வந்த பெரிய பூகம்பத்தையும் சேர்த்து 58 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். வழிந்த பாறைக் குழம்பு கடலைத் தூர்த்தது. தீவாக இருந்த சகுராஜிமா கரையோடு ஒட்டிக் கொண்டது.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு கல் நாட்டினார்கள். மலையில் விபரீதம் தெரிந்தால் சாஸ்திரத்தின் வார்த்தைக்குக் காத்திராமல் உடனே தப்பி ஓடுங்கள் என்பது அதில் உள்ள எச்சரிக்கையின் சாரம். விஞ்ஞானிகளுக்கு அதைவிடக் கசப்பான கல்வெட்டு வேறு இல்லை.

ஓமோரி அங்கேயும் வந்து மாதக்கணக்கில் ஆராய்ந்தார். குழம்பு வெளியே கொட்டியபின் விரிகுடாவைச் சுற்றியுள்ள நிலம் தாழ்ந்து போனதை அளந்து காட்டினார். வெடிப்பதற்கு முன் நிலம் உயரும், வெடித்தபின் தாழும் என்ற இந்த உண்மை, இன்று செயற்கைக் கோள்களைக் கொண்டு எரிமலைகளைக் கண்காணிப்பதற்கு அடிப்படையாக இருக்கிறது.

பக்கத்து மேஜைக்காரர்

எரிமலையின் நாடியை இவ்வளவு சரியாகப் பார்த்தவர், தம் வீட்டு வாசலில் இருந்த ஆபத்தை எப்படிப் பார்த்தார்? இதுதான் அவர் வாழ்க்கையின் சோகமான பகுதி.

சர்வகலாசாலையில் ஓமோரிக்கு உதவிப் பேராசிரியராக இருந்தவர் இமாமுரா. ஓமோரியைவிட இரண்டு வயது இளையவர். 1905-ம் ஆண்டு அவர் ஒரு மாதப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். ஐம்பது ஆண்டுகளுக்குள் டோக்கியோவை ஒரு பெரிய பூகம்பம் தாக்கக்கூடும். மர வீடுகள் தீப்பிடித்தால் ஒரு லட்சம் பேருக்கு மேல் மாளக்கூடும். தண்ணீர்க் குழாய்களும் தீயணைப்பும் இப்போதே சீர்ப்பட வேண்டும் என்பது அதன் கருத்து.

கட்டுரை வந்தபோது யாரும் பதறவில்லை. ஆனால் 1906-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு செய்தித்தாள் அதைப் பெரிய தலைப்புப் போட்டுப் பயங்கரமாக வெளியிட்டது. தற்செயலாக அந்த நாட்களில் சில நடுக்கங்களும் வந்தன. நகரத்தில் பீதி பரவிற்று. வதந்தியை நம்பி ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள்.

ஓமோரி முன்வந்து மறுத்தார். அப்படிப்பட்ட பூகம்பம் சமீபத்தில் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். ஊர் அடங்கிற்று. ஆனால் இமாமுராவுக்குப் பொய்யர் என்ற பட்டம் வந்து சேர்ந்தது.

1915-ம் ஆண்டு நவம்பர் மாதம் டோக்கியோவுக்குக் கிழக்கே சிறு நடுக்கங்கள் திரளாக வந்தன. அப்போது ஓமோரி ஊரில் இல்லை. பத்திரிகைக்காரர்கள் இமாமுராவைக் கேட்டார்கள். அவர் ஜாக்கிரதையாக இருக்கும்படி சொன்னார். மறுபடியும் பரபரப்பு! திரும்பி வந்த ஓமோரி அவரைக் கண்டித்தார். அந்தத் திரள் தானாகவே அடங்கியும் போயிற்று. பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை செய்த இருவருக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்தது.

ஓமோரி தீய எண்ணத்தோடு மறுத்தவர் அல்ல. பீதியே ஒரு பெரிய ஆபத்து என்று அவர் நினைத்தார். வீணாகக் கூவி ஜனங்களைக் கலைத்தால், நாளைக்கு உண்மையான எச்சரிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள் என்றும் அஞ்சியிருக்கலாம். நகரத்தின் தண்ணீர்க் குழாய்கள் சீர்ப்பட வேண்டும் என்று அவரும் வற்புறுத்தி வந்தார். ஆனால் பெரிய மனிதர் ஒருவர் ஆதாரம் இல்லை என்று சொன்னால், ஜனங்களின் காதில் ஆபத்தே இல்லை என்றுதான் விழுகிறது. இந்த வித்தியாசத்தை அவர் உணரவில்லை.

ஊசி துடித்த நாள்

1923-ம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி. ஓமோரி ஆஸ்திரேலியாவில் இருந்தார். விஞ்ஞானிகள் மகாநாட்டுக்காகச் சென்றிருந்தார். அன்று சிட்னி நகரில் ரிவர்வியூ என்ற கல்லூரியின் பூகம்ப நிலையத்தைப் பார்க்க அழைத்துச் சென்றார்கள். கருவியின் முன்னால் அவர் நின்று கொண்டிருந்தபோதே ஊசி துடிக்கத் தொடங்கிற்று. தூரத்தில் எங்கோ ஒரு பெரிய பூகம்பம்!

வாழ்நாளெல்லாம் அந்தக் கோடுகளைப் படித்தவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதிர்வு ஜப்பான் பக்கத்திலிருந்து வந்தது.

அன்று பகல் 11 மணி 58 நிமிடத்துக்கு டோக்கியோவும் யோகோஹாமாவும் ஆடின. வீடுதோறும் மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்து கொண்டிருந்த நேரம். சரிந்த வீடுகளில் தீப்பற்றியது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்து போனதால் அணைக்க வழியில்லை. சுமார் 1,05,000 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீயில் மாண்டார்கள். இமாமுரா 18 ஆண்டுகளுக்கு முன் எழுதியது அப்படியே நடந்துவிட்டது.

ஓமோரி கப்பல் ஏறினார். முன்பே அவர் உடம்பில் நோய் இருந்தது. வழியில் அது முற்றியது. மூளையில் கட்டி. அக்டோபர் தொடக்கத்தில் யோகோஹாமா வந்து சேர்ந்தபோது அவரை வரவேற்க வந்தவர் யார் தெரியுமா? இமாமுராதான். பதினெட்டு ஆண்டுகள் பழிச்சொல் சுமந்தவர், நோயாளியான மூத்தவரைக் கைகொடுத்து அழைத்துச் செல்ல வந்தார்.

ஓமோரி தம் பொறுப்பை மறைக்கவில்லை. நேர்ந்ததற்குத் தாம் கண்டிக்கப்பட்டால் அது தகும் என்று ஒப்புக் கொண்டார். தண்ணீர்க் குழாய்களைச் சீர்படுத்தும்படி தாம் வற்புறுத்தி வந்தது ஒன்றே தமக்கு ஆறுதல் என்றும் சொன்னார். நவம்பர் 8-ந் தேதி டோக்கியோவில் அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 55. அவருடைய பேராசிரியர் பதவிக்கு இமாமுராவே வந்தார். பிறகு 1948-ம் ஆண்டு இறக்கும் வரை, பூகம்பத்துக்கு ஆயத்தமாக இருக்கும்படி மக்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொண்டே இருந்தார்.

நமக்கு என்ன பாடம்?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிக் கொள்வோம். நம் ஏலகிரியும் ஜவ்வாது மலையும் எரிமலைகள் அல்ல. அவை மிக மிகப் பழைய பாறைகள். இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு ஒன்றுதான். நீண்ட காலம் உறங்கிய அது 1991-ல் விழித்துக் கொண்டது. வேலூர்ப் பக்கத்தில் பூமி ஆடினால் நெருப்புக் குழம்பு வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பழைய பாறை வெடிப்புகள் சற்றே அசைவதால் வரும் நடுக்கங்களே இவை. இப்படிப்பட்ட சிறு திரள்கள் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமாகவே ஓய்ந்து போகும்.

ஆனால் பெரும்பாலும் என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. இன்ன நாளில் இன்ன இடத்தில் பூகம்பம் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை இன்று வரை யாருக்கும் கைவரவில்லை. வரும் என்று நாள் குறித்துச் சொல்பவரையும் நம்ப வேண்டாம். வரவே வராது என்று அடித்துச் சொல்பவரையும் நம்ப வேண்டாம்.

நம் கையில் இருப்பதைச் செய்யலாம். கீறல் விட்ட சுவரைப் பூசி மறைக்காமல் தெரிந்தவரிடம் காட்டிப் பலப்படுத்தலாம். பரணில் இருக்கும் கனமான அண்டா குண்டான்களைக் கீழே இறக்கி வைக்கலாம். பீரோவைச் சுவரோடு பிணைத்து வைக்கலாம். குழந்தைகள் படுக்கும் இடத்துக்கு மேல் பாரமான பொருள் எதுவும் இல்லாமல் பார்த்துக் கொள்ளலாம். பூமி ஆடும்போது கட்டிலுக்கோ மேஜைக்கோ அடியில் புகுந்து தலையைக் காத்துக் கொண்டு, ஆட்டம் நின்றபின் வெட்டவெளிக்கு வரப் பிள்ளைகளைப் பழக்கலாம். அடுப்பையும் காஸையும் அணைக்க மறக்கக் கூடாது. டோக்கியோவைப் பூமி ஆட்டியது சில நிமிடங்கள்தான். தீ எரித்தது இரண்டு நாட்கள்.

சர்க்கார் அதிகாரிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஜனங்கள் குழந்தைகள் அல்ல. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னால் அவர்கள் புரிந்து கொள்வார்கள். உசு மலையடியில் 15,000 பேர் ஒரு போலீஸ்காரர் சொல்லைக் கேட்டு நடந்தார்கள். அவருக்கு அந்தத் துணிவைத் தந்தது ஓமோரி என்றோ ஒரு நாள் வகுப்பில் கற்பித்த பாடம்தான். அந்த மனிதரின் ஆராய்ச்சி எத்தனையோ உயிர்களைக் காத்தது. இன்றும் காத்து வருகிறது. அவர் பெயர் கொண்ட விதியைப் படிக்கும் மாணவர்கள், சிட்னியில் அந்த ஊசியின் முன்னால் அவர் நின்ற நிமிஷத்தையும் மறக்காமல் இருப்பது நல்லது.